சிலிண்டரை அணைச்சா டீசல் மிஞ்சுமா?

பொங்கல் லீவுக்கு அக்கா பையன் சென்னையில இருந்து புது கார்ல வந்தான். ஃபோக்ஸ்வாகன் டைகன், 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். வண்டியை விட்டு இறங்கினவன் காபி கூட குடிக்கலை. "மாமா, இதுல ஒரு விசேஷம் இருக்கு. நாலு சிலிண்டர்ல நடுவுல இருக்கிற ரெண்டு, தேவை இல்லாதப்போ தானா அணைஞ்சுக்கும். பெட்ரோல் மிச்சம்"னு ஆரம்பிச்சிட்டான்.

களத்துல காபிப் பழத்தைக் கிளறி விட்டுட்டிருந்த பக்கத்துத் தோட்டத்து அண்ணன் காதுல அது விழுந்துடுச்சு. அவர்கிட்டயும் ஒரு பிக்கப் இருக்கு. செய்துட்டிருந்த வேலையை விட்டுட்டு வந்து நின்னார். "அப்படின்னா நம்ம வண்டியிலயும் ரெண்டை அணைச்சிடலாமே தம்பி? டீசல் 90 ரூபாயைத் தாண்டி வருஷம் எத்தனை ஆச்சு!" அப்படின்னார்.

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. ஏன்னா அந்த வேலையை நான் எட்டு வருஷம் முன்னாடியே செஞ்சு பார்த்து, கையைச் சுட்டுக்கிட்டவன். இது வரைக்கும் வீட்டுல கூட முழுசா சொன்னதில்லை. இன்னைக்கு உங்ககிட்ட சொல்லிடறேன். மலைமேல இருக்கிற எங்களுக்கு டீசல்ங்கிறது அரிசி, பருப்பு மாதிரி ஒரு செலவு. அதை மிச்சம் பிடிக்கிறேன்னு நாங்க செய்யற சில காரியம் உயிருக்கே உலை வைக்குது. உண்மையிலேயே மிச்சம் பிடிக்கிற வழி எஞ்சினுக்கு வெளியில இருக்கு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதல்ல அவன் கார்ல என்ன நடக்குதுன்னு பார்த்துடுவோம்.

பெட்ரோல் எஞ்சினுக்குக் காத்து போற வழியில ஒரு தகடு இருக்கும். நீங்க ஆக்சிலேட்டரை மிதிச்சா அது திறக்கும், விட்டா மூடும். சமதள ரோட்டுல 80-ல சும்மா போயிட்டிருக்கும்போது அந்தத் தகடு முக்கால்வாசி மூடித்தான் இருக்கும். எஞ்சின் அந்தச் சின்ன இடுக்கு வழியா காத்தை இழுத்தாகணும். இளநீர் குடிக்கிற ஸ்ட்ராவை விரலால நசுக்கிப் பிடிச்சுக்கிட்டு உறிஞ்சிப் பாருங்க, கன்னம் வலிக்கும். அந்த வலிக்குத்தான் பெட்ரோல் வீணாகுது.

ரெண்டு சிலிண்டரை அணைச்சா என்ன ஆகும்? மீதி ரெண்டும் முழு வேலையையும் பார்க்கணும். அதனால தகடு நல்லா திறந்துக்கும். ஸ்ட்ராவை விட்ட மாதிரி. அணைஞ்ச ரெண்டுலயும் பெட்ரோல் மட்டும் நிக்கிறதில்லை, வால்வுங்களும் மூடிக்கும். உள்ள சிக்கின காத்து ஸ்பிரிங் மாதிரி அமுங்கும், விரியும். பிஸ்டன் மேல வரும்போது அமுக்கச் செலவாகிறது, கீழ போகும்போது பெரும்பாலும் திரும்பக் கிடைச்சிடும். சூட்சுமமே அந்த வால்வை மூடறதுலதான் இருக்கு.

நம்ம ஊர்ல 2021-ல குஷாக், டைகன் வண்டிகள் வந்தப்போ அந்த 1.5 லிட்டர் எஞ்சினோட இதுவும் வந்தது. யோசனை மட்டும் ரொம்பப் பழசு. 1981-ல அமெரிக்காவுல காடிலாக் கம்பெனி எட்டு சிலிண்டர் எஞ்சினை ஆறாவும் நாலாவும் ஓட்டற மாதிரி செஞ்சு வித்தாங்க. அன்னைக்கு இருந்த கம்ப்யூட்டருக்கு அந்த வேகம் பத்தலை. வண்டி குலுங்கி, வாங்கினவங்க வெறுத்துப் போய், அந்த வருஷத்தோட பெரும்பாலான கார்கள்ல இருந்து அதை எடுத்துட்டாங்க. 2000-க்கு அப்புறம் கம்ப்யூட்டர் வேகமானதும் திரும்ப வந்தது. அங்க இருக்கிற பெரிய பிக்கப் வண்டிகளுக்கும் போச்சு. 2019 மாடல் ஷெவர்லே சில்வரடோ பிக்கப்ல எட்டு சிலிண்டர்ல எது எரியணும், எது சும்மா இருக்கணும்னு 17 விதமா மாத்தி மாத்தி ஓட்டுது.

அமெரிக்காக்காரனுக்கு இது தேவைதான். அவன் பிக்கப் அஞ்சு லிட்டருக்கு மேல, எட்டு சிலிண்டர். முக்கால்வாசி நேரம் பின்னாடி ஒண்ணும் இருக்காது. ஒத்தை ஆள் உட்கார்ந்து, கண்ணுக்கெட்டின தூரம் நேரா போற ரோட்டுல ஆபீஸ் போவான். அதுக்கு எதுக்கு எட்டு?

நம்ம நாட்டுல அந்தக் கணக்கைத் தொழிற்சாலையிலயே போட்டுட்டாங்க. 2005-ல டாடா ஏஸ் வந்தப்போ அதுல இருந்தது ரெண்டே சிலிண்டர், 702 சிசி டீசல், 16 குதிரைத் திறன். 'சின்ன யானை'ன்னு தமிழ்நாடே கூப்பிட்டுச்சு. 2011-ல நம்ம ஓசூர்ல இருந்து வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் வண்டிக்கு மூணு சிலிண்டர், ஒன்றரை லிட்டர். அவங்க எட்டு வச்சு நாலை அணைக்கிறாங்க. நாம ரெண்டும் மூணும் வச்சே லோடு அடிக்கிறோம். அணைக்கிறதுக்கு மிச்சம் எங்க இருக்கு?

இப்ப என் கதைக்கு வர்றேன்.

அப்போ என்கிட்ட இருந்தது பழைய பிக்கப். நாலு சிலிண்டர் டீசல், கம்ப்யூட்டர் கிடையாது, பம்ப்பும் நாசிலும்தான். மிளகு விலை கீழ போன வருஷம். ஒவ்வொரு தடவை பங்க்ல நிக்கும்போதும் வயிறு எரியும். கீழ ஒரு மெக்கானிக்கிட்ட பேசிட்டிருந்தப்போ சொன்னார்: "அண்ணா, லோடு இல்லாதப்போ நாலு சிலிண்டர் எதுக்கு? ஒரு நாசிலுக்குப் போற டீசலைக் கழட்டி டேங்குக்கே திருப்பி விட்டுடறேன். கால்வாசி டீசல் மிச்சம்." எனக்கும் அது நியாயமாத்தான் பட்டுச்சு. நாலுல ஒண்ணு போனா கால்வாசி. பள்ளிக்கூடத்துக் கணக்கு.

பத்து நாள் ஓட்டினேன். டேங்கை முழுசா நிரப்பி, ஓட்டி, திரும்ப நிரப்பி, நோட்டுல எழுதி வச்சேன். லிட்டருக்கு 11 கொடுத்துட்டிருந்த வண்டி 10 கூட கொடுக்கலை. கியர் கம்பி கையில நடுங்குது. ஸ்டியரிங் நடுங்குது. பதினோராவது நாள் அஞ்சு மூட்டை கோழித்தீவனத்தோட மலை ஏறும்போது, ஒரு கொண்டை ஊசி வளைவுல வண்டி நின்னு போச்சு. பின்னாடி ஒரு பஸ், அதுக்குப் பின்னாடி சுற்றுலா கார்கள். ஹாரன் அடிச்ச அடியில எனக்கு வேர்த்துக் கொட்டிடுச்சு. மறுநாளே பழையபடி மாட்டச் சொல்லிட்டேன். ஆட்டத்துல எஞ்சினைத் தாங்குற ரப்பர் மவுண்டிங் கிழிஞ்சிருந்தது. அதுக்குக் கொடுத்த காசுல மூணு தடவை டீசல் போட்டிருக்கலாம்.

ஏன் அப்படி ஆச்சு? எங்க ஊர் ஆளுங்களுக்கு நான் சொல்ற விளக்கம் இதுதான். நாலு மாடு பூட்டின வண்டின்னு வச்சுக்கங்க. ஒரு மாட்டுக்குத் தீவனத்தை நிறுத்திட்டீங்க. ஆனா அதை நுகத்துல இருந்து அவிழ்க்கலை. அது இழுக்காது. மீதி மூணும் வண்டியையும் இழுக்கணும், அந்தச் சோம்பேறி மாட்டையும் சேர்த்து இழுக்கணும். அப்ப அந்த மூணுக்கும் தீவனம் கூடுதலா வேணுமா, வேணாமா?

டைகன் செய்யறது மாட்டை ஏறக்குறைய நுகத்துல இருந்து அவிழ்த்து விடற வேலை. வால்வை மூடிடுது. நான் செஞ்சது தீவனத்தை மட்டும் நிறுத்தின வேலை. அந்த நாலாவது சிலிண்டர் வால்வு பாட்டுக்குத் திறந்து மூடி, காத்தை இழுத்து, அமுக்கி, வெளிய தள்ளிட்டே இருந்தது. ஒரு பைசா வேலை இல்லை. இன்னொண்ணு, டீசல் எஞ்சின்ல அந்த நசுக்கின ஸ்ட்ரா விவகாரமே அனேகமா கிடையாது. காத்து தாராளமா போகும், டீசல் அளவைத்தான் கூட்டிக் குறைப்போம். வியாதியே இல்லாத உடம்புக்கு வைத்தியம் பார்த்திருக்கேன்.

பெரிய டீசல் லாரி எஞ்சின்கள்லயும் சிலிண்டரை அணைக்கிற வேலை நடந்துட்டுதான் இருக்கு. அங்க முக்கியமான நோக்கம் வேற. லோடு குறைவா இருக்கும்போது புகையோட சூடு குறைஞ்சிடும், புகையைச் சுத்தம் பண்ற சாதனம் சரியா வேலை செய்யாது. கொஞ்ச சிலிண்டரை மட்டும் எரிச்சா அந்தச் சூடு நிக்கும். அதையும் வால்வை மூடித்தான் செய்யறாங்க. ஸ்பேனரை வச்சு நாசிலைக் கழட்டி இல்லை. இப்ப நீங்க வச்சிருக்கிறது 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ்-6 வண்டின்னா கையே வைக்காதீங்க. ஒரு நாசில் வேலை செய்யலைன்னா போர்டுல விளக்கு எரிஞ்சு, வண்டி தன்னோட இழுவையைத் தானே குறைச்சுக்கும். அதுக்கப்புறம் மலை எங்க ஏறுறது?

அக்கா பையன் இதெல்லாம் கேட்டுட்டு ஒண்ணு சொன்னான். "மாமா, ஆத்தூர்ல இருந்து சேலம் வர்ற வரைக்கும் ரெண்டு சிலிண்டர்னு அடிக்கடி காட்டிச்சு. அடிவாரம் தாண்டினதும் அந்த எழுத்தையே காணோம். ஏற்காடு வர்ற வரைக்கும் நாலும் எரிஞ்சுச்சு."

அதுதான் விஷயமே. சேலம் கடல் மட்டத்துல இருந்து 300 மீட்டருக்குள்ள இருக்கு. ஏற்காடு 1,500 மீட்டர். நடுவுல 20 கொண்டை ஊசி வளைவு. அந்த 1,200 மீட்டரை எந்தத் தொழில்நுட்பமும் நமக்காகக் குறைச்சுத் தராது. எடையைத் தூக்கினா தூக்கினதுதான்.

ஒரு மழை நாள்ல உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டேன். பிளஸ் டூ இயற்பியல்தான், நீங்களும் போட்டுப் பார்க்கலாம். 100 கிலோவை 1,200 மீட்டர் மேல தூக்க 12 லட்சம் ஜூல் பக்கம் ஆகும். ஒரு லிட்டர் டீசல்ல 360 லட்சம் ஜூல் இருக்கு. ஆனா எஞ்சின் அதுல மூணுல ஒரு பங்கைத்தான் வேலையா மாத்தும், மீதி சூடாப் போயிடும். அப்படிப் பார்த்தா, 100 கிலோவை சேலத்துல இருந்து ஏற்காட்டுக்குத் தூக்க 100 மில்லி டீசல். ஒரு டீ கிளாஸ்.

100 கிலோவுக்கு ஒரு டீ கிளாஸ். இதை மனசுல வச்சுக்கிட்டா போதும்.

காலி பிக்கப்பே 1,700 கிலோ சொச்சம் இருக்கும். அப்ப ஒண்ணுமே ஏத்தாம மேல வந்தாலும், வண்டி தன்னைத் தானே தூக்கிட்டு வர்றதுக்கு 17 கிளாஸ். அதாவது ஒண்ணே முக்கால் லிட்டர் பக்கம். இது உயரத்துக்கு மட்டும் ஆகிற செலவு. ரோட்டுல உருள்ற செலவு தனி. 1,200 கிலோ லோடு ஏத்தினா இன்னும் 12 கிளாஸ்தான் கூடும். புரியுதுங்களா? லோடைத் தூக்குறதை விட வண்டியைத் தூக்குறதுக்குத்தான் அதிகம் செலவு பண்றோம்.

இந்தக் கணக்கு தெரிஞ்சதும் முதல் வேலையா பின்னாடி தொட்டியில கிடந்ததை எல்லாம் இறக்கினேன். பழைய இரும்புச் சங்கிலி, ரெண்டு உடைஞ்ச ஸ்டெப்னி, போன வருஷத்துச் சிமெண்ட் கல்லு. ஒண்ணரை கிளாஸ் மிச்சம். டயர்ல காத்தைச் சரியா வச்சேன், ஏர் ஃபில்டரை மாத்தினேன். இதெல்லாம் சின்னச் சின்ன மிச்சம், ஆனா எந்த வம்பும் இல்லாத மிச்சம்.

இனிமே சொல்லப்போறதுதான் முக்கியம். உயிர் சம்பந்தப்பட்டது.

எங்க மலையில பாதி டிரைவர்கள் இறக்கத்துல நியூட்ரல் போட்டுத்தான் இறங்குவாங்க. "வண்டி தானா ஓடும்போது எஞ்சின் எதுக்குண்ணா சுத்தணும்?" ஒரு சிலர் சாவியையே அணைச்சிடுவாங்க. இதுவும் ஒரு வகையில எல்லாச் சிலிண்டரையும் அணைக்கிற வேலைதான்னு அவங்க நினைப்பு. நானும் அப்படி இறங்கினவன்தான். என் பெரியப்பா காலத்து பெட்ரோல் ஜீப்புல அதுல கொஞ்சம் நியாயம் இருந்தது. அது கார்ப்ரேட்டர் வண்டி. கியர்ல இறங்கினாலும் எஞ்சின் சுத்தற வரைக்கும் பெட்ரோலை உறிஞ்சிட்டே இருக்கும். பெரியவங்க சொன்னது அந்த வண்டிக்கு.

இன்னைக்கு டீசல் வண்டியில நடக்கிறது நேர் எதிர். கியர்ல போட்டுட்டு ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டீங்கன்னா, சக்கரம்தான் எஞ்சினைச் சுத்துது. அப்ப நாலு சிலிண்டருக்கும் டீசல் நின்னுடும். ஒரு சொட்டு போகாது. காசு கொடுத்து வாங்காமலே நம்ம வண்டியில இருக்கிற சிலிண்டர் நிறுத்தம் இதுதான். நியூட்ரல் போட்டீங்கன்னா எஞ்சின் நின்னு போயிடக்கூடாதுன்னு மணிக்கு அரை லிட்டர், முக்கால் லிட்டர்னு எரிச்சுட்டே இருக்கும். மிச்சம் பிடிக்கிறதா நினைச்சு, ஒரு இறக்கத்துக்கு நாலஞ்சு கிளாஸ் ஊத்திட்டு வர்றோம்.

அது கூடப் பரவாயில்லை. பிரேக்கை யோசிச்சுப் பாருங்க. லோடோட மூணு டன் வண்டி 1,200 மீட்டர் இறங்கினா வெளிவர்ற சக்தி, ஒரு லிட்டர் டீசலைக் கொளுத்தினா வர்ற சூட்டுக்குச் சமம். கியர்ல இறங்கினா அதுல ஒரு பங்கை எஞ்சின் வாங்கிக்கும். நியூட்ரல்ல இறங்கினா பெரும்பகுதி நாலு சக்கரத்து பிரேக்குல போய் இறங்கும். ஒரு லிட்டர் டீசலைப் பிரேக் மேல ஊத்திப் பத்த வச்ச மாதிரிதான்.

ஆறு வருஷம் முன்னாடி ஒரு டிசம்பர் மாசம். பனி மூடின காலை. ஒரு டன் காபிக் கொட்டையோட நியூட்ரல்ல இறங்கிட்டிருந்தேன். பாதி வளைவு தாண்டினதும் கருகின நாத்தம் வந்தது. யாரோ குப்பை எரிக்கிறாங்கன்னு நினைச்சேன். அடுத்த வளைவுல மிதிச்சேன், பெடல் மெத்தை மாதிரி உள்ள போச்சு, வண்டி நிக்கலை. பக்கத்துல என் பையன் உட்கார்ந்திருந்தான், எட்டாவது படிச்சிட்டிருந்தான். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரை எப்படியோ திணிச்சு, மலைப்பக்கத்துச் சுவர்ல உரசி நிறுத்தினேன். இடது பக்கம் முழுக்கக் கிழிஞ்சு போச்சு. அந்தப் பக்கம்தான் அவன் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு ஒண்ணும் ஆகலை. அவன் ஒண்ணும் பேசவும் இல்லை. சேலம் போற வரைக்கும் கதவுல இருந்த கைப்பிடியை விடவே இல்லை.

அன்னைக்கு நான் மிச்சம் பிடிக்க நினைச்சது நாலு கிளாஸ் டீசல். அதையும் மிச்சம் பிடிக்கலை.

எந்தக் கியர்ல ஏறுவியோ அந்தக் கியர்லயே இறங்குன்னு பழைய லாரி டிரைவர்கள் சொல்லுவாங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை நான் சொல்ல வேண்டியதில்லை. வார விடுமுறைக்கு ஏற்காடு வர்ற நண்பர்களும் இதை மனசுல வச்சுக்கங்க. சாவியை அணைச்சா பிரேக்குக்கு உதவற பூஸ்டரும் கொஞ்ச நேரத்துல போயிடும், பவர் ஸ்டியரிங்கும் போயிடும். கல்லு மாதிரி ஆயிடும்.

சரி, எஞ்சினுக்குள்ள மிச்சம் இல்லை, இறக்கத்துலயும் இல்லை. அப்ப எங்கதான் இருக்கு?

நாம கேக்கிற கேள்வியே தப்புன்னு எனக்குத் தோணுது. "லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்?"ங்கிறது காருக்கான கேள்வி. பிக்கப்புக்குக் கேக்க வேண்டியது, "ஒரு கிலோ சரக்கு மேல கீழ போய் வர எவ்வளவு டீசல்?" காலி வண்டி லிட்டருக்கு 13 கொடுக்கும், லோடு வண்டி 9 கொடுக்கும். காலி வண்டி நல்ல வண்டின்னு யாராவது சொல்லுவாங்களா?

எங்க பக்கத்துல அஞ்சு வீட்டுக்குப் பிக்கப் இருக்கு. மிளகு, காபி, பலா, ஆரஞ்சு, வாழைன்னு ஆளுக்குக் கொஞ்சம் இருக்கும். ஒரு காலத்துல அஞ்சு வண்டியும் அதே வாரத்துல அரைகுறை லோடோட சேலம் இறங்கும். அஞ்சும் காலியா மேல ஏறும். காலி வண்டியைத் தூக்குறதுக்கு மட்டும் எட்டரை லிட்டர். இப்ப மூணு வருஷமா வெள்ளிக்கிழமை ரெண்டே வண்டி. போகும்போது எல்லார் சரக்கும் போகும். வரும்போது உரம், தீவனம், மளிகை, யாராவது வீடு கட்டினா சிமெண்ட். கிலோவுக்கு இவ்வளவுன்னு டீசல் காசைப் பிரிச்சுக்கிறோம். மூணு ஏத்தம் மிச்சம். உயரத்துக் கணக்கு மட்டும் அஞ்சு லிட்டருக்கு மேல. எந்தக் கம்பெனி தொழில்நுட்பமும் எங்களுக்கு இவ்வளவு தந்திருக்காது.

சொல்றதுக்குச் சுலபமா இருக்கு, செய்யறதுல சண்டை வராம இல்லைங்க. பலாப்பழம் வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்காது. ஒரு தடவை புதன்கிழமை மிளகு விலை ஏறி, வெள்ளிக்கிழமை இறங்கிடுச்சு. ஒருத்தர் "உங்க கூட்டு வேணாம்டா சாமி"ன்னு விலகிட்டார். என் மூட்டை அடியில போச்சு, உன் மூட்டை மேல போச்சுன்னு பேச்சு வரும். யார் தராசை நம்பறதுன்னு வரும். ஒரு சிலிண்டரைக் கழட்ட ஒரு ஸ்பேனர் போதும். அஞ்சு வீட்டை ஒரு வண்டியில ஏத்தப் பொறுமை வேணும். அதனாலதான் நாம எல்லாரும் ஸ்பேனரையே தேடறோம்னு நினைக்கிறேன்.

இதுல உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கு. கோபிச்சுக்காதீங்க, உரிமையோட சொல்றேன். நீங்க நேரடியா விவசாயிகிட்ட வாங்கணும்னு நினைக்கிறீங்க, ரொம்ப சந்தோஷம். ஆனா "கால் கிலோ மிளகு, நாளைக்கே அனுப்ப முடியுமா?"ன்னு கேக்கும்போது, அந்தக் கால் கிலோவுக்குப் பின்னாடி 1,700 கிலோ இரும்பு கீழ இறங்கி மேல ஏறணும். பார்சல் சேலத்துலதான் போடறோம். மிளகு வருஷக் கணக்குல கெடாது. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை, நாலு வீடு சேர்ந்து வாங்குங்க. உங்க அபார்ட்மெண்ட்ல பத்து பேர் சேர்ந்து ஒரே பார்சலா வாங்கினா, எங்களுக்கு அதை விடப் பெரிய மைலேஜ் கிடையாது.

இன்னொண்ணு. மலை ரோட்டுல ஏறி வர்ற வண்டிக்கு இறங்கற வண்டி வழி விடணும். லோடு பிக்கப் ஒண்ணு வளைவுல ஏறிட்டிருக்கும்போது குறுக்கே வந்து நிறுத்தி, அவனையும் நிக்க வச்சிடாதீங்க. நின்ன மூணு டன்னைத் திரும்ப ஃபர்ஸ்ட் கியர்ல கிளப்பறதுக்குள்ள கிளட்ச் புகையும். அந்த ஒரு நிமிஷம் நீங்க ஓரமா நின்னா போதும். வளைவுல நின்னு போட்டோ எடுக்கிறதையும் கொஞ்சம் விட்டுடுங்க, அடுத்த வளைவுல யாராவது நியூட்ரல்ல வந்துட்டிருக்கலாம்.

அக்கா பையன் ஊருக்குக் கிளம்பின அன்னைக்கு அவனோட சேலம் வரைக்கும் இறங்கினேன். செகண்டுலயும் தேர்டுலயும் மெதுவா இறங்கினான். காலை எடுத்தப்போ எல்லாம் பெட்ரோல் செலவு சுழின்னு காட்டிச்சு. "பாருங்க மாமா, நாலும் அணைஞ்சிடுச்சு"ன்னான். "என் வண்டியிலயும் அது இருக்குடா, காட்டுறதுக்குத்தான் ஸ்க்ரீன் இல்லை"ன்னேன்.

திரும்பி வந்ததும் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் விடலை. அவர் மட்டும் இன்னும் எங்க வெள்ளிக்கிழமை வண்டிக்கு வராதவர். விலகிப் போனார்னு சொன்னேனே, அவரேதான். "கடைசியா சொல்லு தம்பி, நான் எத்தனை சிலிண்டரை அணைக்கலாம்?"னு கேட்டார்.

"நாலையும் அணைச்சு ஷெட்டுல நிறுத்துங்கண்ணா. வெள்ளிக்கிழமை உங்க மூட்டையை என் வண்டியில போடுங்க. மேல போடறேன், அடியில போடலை"ன்னேன்.

ஒண்ணும் சொல்லாம போயிட்டார். வியாழக்கிழமை ராத்திரி ரெண்டு மூட்டை மிளகு எங்க திண்ணையில இருந்தது.

அடுத்த வண்டியும் வெள்ளிக்கிழமைதான். மிளகோ காபித்தூளோ வேணும்னா புதன்கிழமைக்குள்ள சொல்லிடுங்க. பக்கத்து வீட்டையும் ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுங்க.